வழுக்குத் தளத்தில் வழுவா நடனம்



சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் தென்காசிச் சீமைக்கு ஒரு தனிக் களை வந்துவிடும். மேற்கே திரிகூட மலை முகிலைத் தலையில் சுற்றிக்கொண்டு நிற்கும். வெயில் அடிக்கும்போதே பன்னீர் தெளித்தாற்போலத் தூறல் விழும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராட வரும் வெளியூர் அன்பர்களிடம் உள்ளூர்க்காரர்களாகிய நாங்கள் தவறாமல் சொல்லும் சொல் ஒன்று உண்டு. 'பாறை வழுக்கும், பார்த்துக் கால் வையுங்கள்' என்பதே அது. யானைக்கும் அடி சறுக்கும் என்பது நம் முன்னோர் மொழி. சறுக்குதல் என்றாலே விழுதல், தவறுதல், தோற்றல் என்றுதான் நாம் பொருள் கொள்கிறோம்.

ஆனால், வழுக்கும் தரையைத் தாமே முயன்று உண்டாக்கி, அதன்மேல் வாழ்நாள் முழுவதும் நின்று ஆடி, உலகப் புகழ் எய்தியவர்களும் இருக்கின்றனர். பனிக்கட்டித் தளத்தின்மீது ஆணும் பெண்ணுமாக இருவர் இணைந்து ஆடும் ஆட்டத்திற்குப் பனி நடனம் என்று பெயர். அக்கலையில் ஈடு இணையற்றவர்கள் எனப் பெயர் பெற்ற ஜேன் டார்வில், கிறிஸ்டோபர் டீன் என்னும் ஆங்கிலேய இணையரைப் பற்றியே இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

பனி பெய்யாத தென்காசியில் உட்கார்ந்துகொண்டு ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் பனி நடனத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. முப்பத்து நான்கு ஆண்டுக்காலம் பள்ளிப் பணியில் இருந்தவன் நான். அப்பணியில் நான் செய்த பிழைகள் பல. அவற்றுள் இரண்டினை இந்த இணையரின் கதை எனக்கு எடுத்துக் காட்டியது. ஒன்று அறிவியல் பாடத்தில் செய்த பிழை. மற்றொன்று ஒரு மாணவனின் வாழ்வில் செய்த பிழை. முதலாவதை இப்பொழுதே சொல்லிவிடுகிறேன். இரண்டாவதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

சென்ற சாரல் காலத்தில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வீட்டிற்கு வந்தார். துபாயில் ஒரு பெரிய வணிக வளாகத்தில் அவருக்கு வேலை. அங்கே வெளியில் கொளுத்தும் பாலைவன வெயில். உள்ளே நூற்றுக்கணக்கானோர் சறுக்கி விளையாடும் பனித்தளம். அத்தளத்தை உறைய வைக்கும் குளிர்பதன இயந்திரங்களைப் பராமரிப்பது அவர் பணி. தளத்தின் அடியில் குழாய்கள் நெருக்கமாகப் பதிக்கப்பட்டிருக்குமாம். உறையாத குளிர் நீர்மம் ஒன்று அக்குழாய்களில் இடைவிடாது ஓடுமாம். அதன்மேல் இரண்டு மூன்று விரற்கடை அளவே பனிக்கட்டி இருக்கும். கீறல் விழுந்த தளத்தை மீண்டும் கண்ணாடிபோல் ஆக்க அதன்மேல் வெந்நீரை ஊற்றுவார்கள் என்று அவர் சொன்னபோது நான் வியந்தேன். வெந்நீர் மேற்பரப்பைச் சற்றே உருக்கி, கீறல்களை நிரப்பி, பழைய பனியோடு நன்றாக ஒட்டி உறையும் என்பது அதன் காரணம்.

அவரிடம் ஆசிரியத் தோரணையில் ஒரு கேள்வி கேட்டேன். 'பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது என்று உங்களுக்கு நான் சொல்லிக் கொடுத்தது நினைவிருக்கிறதா?' அவர் சிரித்துக்கொண்டே, 'காலணியின் இரும்புத் தகடு அழுத்துவதால் பனி உருகி நீராகிறது. அந்த நீர்தான் வழுக்குகிறது என்று சொன்னீர்கள் சார். ஆனால் அது சரியில்லையாமே!' என்றார்.

அன்றிரவே காகிதமும் எழுதுகோலுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். காலணித் தகட்டின் நீளம் 25 சென்டிமீட்டர், அகலம் 4 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். பரப்பு 10 சதுர சென்டிமீட்டர். ஆகவே ஒரு சதுர சென்டிமீட்டர்மேல் 6 கிலோ எடை அழுத்துகிறது. இது ஏறக்குறைய 6 வளிமண்டல அழுத்தம். பனியின் உருகுநிலையை ஒரு டிகிரி தாழ்த்துவதற்கோ சுமார் 135 வளிமண்டல அழுத்தம் வேண்டும். அப்படியானால் நம் ஆட்டக்காரர் உருகுநிலையைத் தாழ்த்துவது ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கிற்கும் குறைவே. தகட்டின் விளிம்பு மட்டுமே படுகிறது என்று வைத்துப் பரப்பைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் அரை டிகிரியைத் தாண்டவில்லை. பனித்தளமோ பூச்சியத்திற்குக் கீழே நான்கு, ஐந்து டிகிரியில் இருக்கிறது. எனவே அழுத்தத்தால் மட்டும் அது உருக வழியில்லை.

பின் ஏன் வழுக்குகிறது? பனிக்கட்டியின் உட்பகுதியில் உள்ள நீர் மூலக்கூறு ஒவ்வொன்றையும் நாற்புறமும் அண்டை மூலக்கூறுகள் பற்றிக்கொண்டிருக்கின்றன. மேற்பரப்பில் உள்ளவற்றிற்கோ மேற்புறம் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆகையால் அவை கட்டுத் தளர்ந்து, ஏறத்தாழ நீர்மம் போன்ற மிக மெல்லிய ஏடாக இருக்கின்றன. இக்கருத்தை மைக்கேல் பாரடே என்னும் அறிஞர் 1850-ஆம் ஆண்டிலேயே குறிப்பாக உணர்த்தினார். கோப்பையில் இட்ட இரண்டு பனிக்கட்டித் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இருவரின் மேல் ஏடுகளும் சந்தித்த இடத்தில் உறைந்துவிடுவதே அதற்குக் காரணம் என்றார் அவர். இந்த ஏட்டோடு, ஓடும் தகட்டின் உராய்வு வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. இத்துறையில் ஆராய்ச்சி இன்றும் நடந்துவருகிறது. ஆண்டுதோறும் கரும்பலகையில் அழுத்தக் கொள்கையை ஐயமின்றி எழுதிப்போட்ட நான், ஒருமுறையேனும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. இதுவே என் முதற்பிழை.

இனி, இந்தத் தளத்தில் ஆடுவது எங்ஙனம் என்பதைக் காண்போம். ஆட்டக்காரரின் காலணித் தகடு கத்திபோல் ஒரே கூராக இராது. அதன் அடியில் நெடுக ஒரு பள்ளம் ஓடும். ஆகவே ஒவ்வொரு தகட்டிற்கும் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு விளிம்புகள் உண்டு. செங்கோட்டைச் சாலையின் வளைவில் மிதிவண்டி ஓட்டுபவர் எப்படி உட்புறமாகச் சாய்கிறாரோ, அப்படியே ஆட்டக்காரரும் ஒரு விளிம்பின்மேல் சாய்கிறார். சாய்ந்த பக்கமே பாதை வளைகிறது. முன்னோக்கியும் பின்னோக்கியும், வலக்காலாலும் இடக்காலாலும், உள்விளிம்பாலும் வெளிவிளிம்பாலும் செல்லக் கற்பதே இக்கலையின் அரிச்சுவடி.

பனித்தளத்தில் இணைந்து ஆடும் போட்டிகள் இரண்டு வகை. ஒன்றில் ஆடவர் தம் துணையைத் தலைக்குமேல் உயரத் தூக்குவார், சுழற்றி எறிவார், இருவரும் வானில் பலமுறை சுழன்று இறங்குவர். மற்றொன்றே பனி நடனம். இதில் அத்தகைய வித்தைகளுக்கு இடமில்லை. இருவரும் நெருங்கியே இருக்கவேண்டும். தாளத்தோடு அடி ஒன்றவேண்டும். நான்கு தகடுகளும் ஒரே மனத்தின் ஏவலால் நகர்வதுபோல் தோன்றவேண்டும். மேனாட்டு மண்டபங்களில் ஆடிய நடனத்திலிருந்து பிறந்த இக்கலைக்கு 1952-ஆம் ஆண்டு முதல் உலகப் போட்டி நடைபெற்றுவருகிறது. 1976-ஆம் ஆண்டில் ஒலிம்பிக் விளையாட்டுகளில் இது இடம் பெற்றது.

நம் இணையர் பிறந்து வளர்ந்த நாட்டிங்காம் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள தொழில் நகரம். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. ஜேன் டார்வில் 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் பிறந்தார். செல்வக் குடும்பம் அன்று. எட்டு வயதில் பள்ளியிலிருந்து பிள்ளைகளைப் பனித்தளத்திற்கு அழைத்துச் சென்றார்கள். அன்று பிடித்த பற்று அவரை விடவில்லை. கிறிஸ்டோபர் டீன் 1958-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் அருகிலுள்ள கால்வர்ட்டன் என்னும் ஊரில் பிறந்தார். பத்து வயதில் கிறிஸ்துமஸ் பரிசாக அவருக்குச் சறுக்குக் காலணி கிடைத்தது. ஒரு பள்ளிச் சுற்றுலாவும் ஒரு பண்டிகைப் பரிசும் எத்தகைய விளைவுகளைத் தரக்கூடும் என்பதை ஆசிரியர்களும் பெற்றோர்களும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

தொடக்கத்தில் இருவரும் வெவ்வேறு துணைகளோடு ஆடினார்கள். 1975-ஆம் ஆண்டில்தான் இணைந்தார்கள். அப்போது ஜேனுக்குப் பதினெட்டு வயதுகூட நிரம்பவில்லை. பிழைப்பிற்கு வேலை வேண்டுமல்லவா? ஜேன் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் எழுத்தராக அமர்ந்தார். டீன் காவல் துறையில் சேர்ந்தார். பகலெல்லாம் கணக்கேடு ஒருவருக்கு. முறைமாறி முறைமாறிக் காவற்பணி மற்றவருக்கு. தளத்தில் பொதுமக்கள் விளையாடும் நேரம் முடிந்த பின்னரே இவர்களுக்கு இடம் கிடைக்கும். ஊர் உறங்கும் நேரத்தில் இவர்கள் பயிற்சி செய்தார்கள். 1978-ஆம் ஆண்டு முதல் பெட்டி காலவே என்னும் அம்மையார் இவர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லேக் பிளாசிட் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இவர்கள் பெற்றது ஐந்தாம் இடம். ஐந்தாம் இடத்திற்குப் பதக்கம் கிடையாது. ஆனால் அரைநேரப் பயிற்சியில் ஐந்தாம் இடம் என்றால் முழுநேரம் முயன்றால் எந்த இடம் என்னும் வினா அவர்கள் உள்ளத்தில் எழுந்தது. அவ்வாண்டிலேயே இருவரும் வேலையை விட்டார்கள். நிலையான ஊதியத்தை விட்டுவிட்டு வழுக்குத் தளத்தை நம்புவது எளிய காரியமா? அந்நிலையில் நாட்டிங்காம் நகர மன்றம் அவர்களுக்கு ஆண்டிற்கு 14,000 பவுன் வீதம் உதவித்தொகை வழங்கியது. வரி செலுத்தும் மக்களின் பணத்தை இருவர் ஆடுவதற்குக் கொடுப்பதா என்று குறை கூறியோரும் இருந்திருப்பர். ஆயினும் நகரம் கொடுத்தது. இச்செய்தியை நினைவில் வையுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

அடுத்த ஆண்டே, 1981-இல், ஐரோப்பிய வாகையும் உலக வாகையும் அவர்களுக்குக் கிடைத்தன. 1984 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் உலக வாகையர் அவர்களே. எனினும் வெற்றிப் பாதை இடறின்றி இருக்கவில்லை. 1983-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பயிற்சியின்போது ஜேன் விழுந்து தோளில் அடிபட்டார். அவ்வாண்டு ஐரோப்பியப் போட்டியில் அவர்கள் கலந்துகொள்ள இயலவில்லை. சில வாரங்களில் மீண்டு வந்து உலகப் போட்டியில் முதலிடம் பெற்றார்கள். அப்போது அவர்கள் ஆடியது சர்க்கஸ் கூடாரத்தை நடித்துக் காட்டும் ஆட்டம். கயிற்றின்மேல் நடப்பவன், பந்துகளை எறிந்து பிடிப்பவன் ஆகியோரையெல்லாம் வெறும் பனித்தளத்தில் அவர்கள் கண்முன் நிறுத்தினார்கள். ஒரு நடனத்திற்கு ஒரே கருப்பொருள் வேண்டும் என்னும் எண்ணத்தை அவர்கள் இவ்வாறு வேரூன்றச் செய்தார்கள். நம் நாட்டியத்தை அறிந்தவர்களுக்கு இஃது அன்னியமான எண்ணம் அன்று.

இனி 1984-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாளுக்கு வருவோம். இடம், அன்றைய யுகோஸ்லாவியாவில் இருந்த சரயேவோ நகரம். இன்று அது போஸ்னியா ஹெர்சகோவினாவின் தலைநகர். ஒலிம்பிக்கில் ஆடுவதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது பிரெஞ்சு இசையறிஞர் மோரிஸ் ராவெல் 1928-இல் அமைத்த 'பொலேரோ' என்னும் இசை. அதில் ஒரு சிறு பறை ஒரே தாளக்கட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை விடாமல் முழக்கிக்கொண்டிருக்கும். அதன்மேல் ஒரே பண் மீண்டும் மீண்டும் வரும். ஒவ்வொரு முறையும் கருவிகள் கூடிக்கொண்டே போகும். நம் கோயில் வீதியில் தொலைவிலிருந்து தவிலும் நாகசுரமும் நெருங்க நெருங்க ஒலி பெருகி, முடிவில் நம் மார்பிலேயே அதிர்வது போன்றது அது.

அதில் ஓர் இடர் எழுந்தது. இசை முழுமையாக ஒலிக்க ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும். போட்டி விதியோ 4 நிமிடம் 10 விநாடிக்குமேல் ஆடக்கூடாது என்றது. இசையைச் சுருக்கியவர்கள் 4 நிமிடம் 28 விநாடிக்குக் கீழே குறைத்தால் அதன் வளர்ச்சி கெட்டுவிடும் என்றார்கள். எஞ்சிய 18 விநாடிகளை என்ன செய்வது? விதியை மீண்டும் படித்தார்கள். ஆடுவோரின் காலணித் தகடு பனியைத் தொட்டு ஆடத் தொடங்கும்போதுதான் நேரம் கணக்கிடப்படும் என்று அதில் இருந்தது. எனவே இருவரும் தளத்தில் மண்டியிட்டு, தகடுகள் பனியில் படாதவாறு இருந்துகொண்டு, உடலையும் கைகளையும் மட்டுமே அசைத்து அந்த 18 விநாடிகளைக் கழித்தார்கள். விதியை மீறவில்லை, விதியை ஊன்றிப் படித்தார்கள். வினாத்தாளின் குறிப்புகளைப் படிக்காமலே விடை எழுதத் தொடங்கும் மாணவர்கள் இதைக் கவனிப்பார்களாக!

அன்றைய முறைப்படி நடுவர் ஒன்பது பேர். ஒவ்வொருவரும் நுட்பத்திற்கு ஒன்று, கலையழகிற்கு ஒன்று என இரண்டு மதிப்பெண் வழங்குவர். உச்ச மதிப்பெண் 6.0. ஆட்டம் முடிந்து மதிப்பெண் பலகை ஒளிர்ந்தது. கலையழகிற்கு ஒன்பது நடுவரும் 6.0 வழங்கியிருந்தார்கள். நுட்பத்திற்கு மூவர் 6.0; அறுவர் 5.9. பதினெட்டில் பன்னிரண்டு முழு மதிப்பெண்கள்! பிரிட்டனில் மட்டும் ஏறத்தாழ 2 கோடியே 40 இலட்சம் பேர் அன்று தொலைக்காட்சியில் அதைக் கண்டார்கள். அந்த 6.0 முறையும் இன்று இல்லை. 2002-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் நடுவர் தீர்ப்பைப் பற்றி எழுந்த பெரும் பூசலுக்குப் பின் அது கைவிடப்பட்டு, ஒவ்வோர் அசைவிற்கும் தனித்தனியே எண்ணிக் கூட்டும் முறை வந்துவிட்டது.

அந்த 1984 பிப்ரவரியில் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது இந்தச் செய்தி நாளிதழில் வந்திருந்தால்கூட நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போயிருப்பேன். ஆட்டத்தில் எனக்கு என்ன வேலை என்பதே அந்நாளைய என் மனநிலை.

பின்னர் நடந்தவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1984-இல் நான்காம் உலக வாகையோடு அவர்கள் போட்டிகளிலிருந்து விலகி, தொழில்முறைக் கலைஞர்களாக ஊர் ஊராக நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். விதிகள் தளர்ந்தபின் 1994-ஆம் ஆண்டு மீண்டும் போட்டிக்கு வந்தார்கள். ஐரோப்பிய வாகை கிடைத்தது. ஆனால் நார்வேயில் லில்லஹாமர் ஒலிம்பிக்கில் மூன்றாம் இடமே கிடைத்தது. பத்தாண்டு கழித்து வந்து வெண்கலம் பெறுவது தோல்வியா, வெற்றியா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். இதற்கிடையே சரயேவோவைப் போர் சூழ்ந்தது. அவர்கள் ஆடிய செட்ரா மண்டபம் குண்டுகளால் சிதைந்தது. அதன் அருகிலுள்ள நிலம் இடுகாடாயிற்று. 1999-இல் மண்டபம் மீண்டும் எழுப்பப்பட்டது. 2014-ஆம் ஆண்டு, முப்பதாம் ஆண்டு நினைவாக, ஐம்பதைக் கடந்த அவ்விருவரும் அங்கே சென்று அதே இசைக்கு மீண்டும் ஆடினார்கள். நாட்டிங்காமில் இன்றுள்ள பனி விளையாட்டு மையத்தின் முன்னுள்ள திடலுக்குப் 'பொலேரோ சதுக்கம்' என்று பெயர். நகரம் கொடுத்த உதவித்தொகைக்கு நகரமே பெருமை கொள்வதன் அடையாளம் அது.

நம் நாட்டிலும் இக்கலை முற்றிலும் அறியப்படாதது அன்று. சிம்லாவில் 1920-ஆம் ஆண்டு முதல் குளிர்காலத்தில் இயற்கையாக உறையும் தளத்தில் சறுக்கி விளையாடிவருகின்றனர். டேராடூனில் 2011-இல் செயற்கைப் பனித்தளம் ஒன்று அமைக்கப்பட்டது. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு பிறந்து, இந்தியக் குடியுரிமை ஏற்ற தாரா பிரசாத் என்னும் நங்கை தனிநபர் பிரிவில் இந்தியாவின் சார்பாக உலக அரங்குகளில் ஆடிவருகிறார். வெயில் நாட்டினர்க்குப் பனி எட்டாத கனி அன்று என்பதற்கு இவை சான்று.

நாம் நடனத்தை மதிக்கத் தெரியாதவர்களும் அல்லோம். குற்றாலத்தில் சித்திர சபை இருக்கிறது. ஆடவல்லானின் ஐந்து சபைகளுள் அது ஒன்று. தில்லையில் பொற்சபை, மதுரையில் வெள்ளியம்பலம், திருநெல்வேலியில் தாமிர சபை, திருவாலங்காட்டில் இரத்தின சபை; குற்றாலத்தில் மட்டும் ஆடலைச் சித்திரமாகத் தீட்டி வழிபடுகிறோம். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலத்தின்மீது பாடிய குறவஞ்சியைத்தான், 1944-ஆம் ஆண்டு ருக்மிணிதேவி அம்மையார் கலாக்ஷேத்திரத்தின் முதல் நாட்டிய நாடகமாக அரங்கேற்றினார். அவர் 1935-இல் முதன்முதல் மேடையேறியபோது, நல்ல குடும்பத்துப் பெண் ஆடலாமா என்று கேட்டவர்கள் பலர். இறைவன் ஆடினால் கைகூப்பும் நாம், அண்டை வீட்டுப் பிள்ளை ஆடினால் முகம் சுளிக்கிறோம். இந்த முரண்பாட்டிற்கு நானும் விலக்கல்லன். அதுவே என் இரண்டாம் பிழை.

2003-ஆம் ஆண்டு. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். தகப்பனார் இல்லை. தாயார் பீடி சுற்றிக் குடும்பத்தைக் காத்துவந்தார். ஆண்டு விழாவில் அவன் ஆடினால் கூட்டம் மூச்சுவிட மறந்து பார்க்கும். கரகமாயினும், கும்மியாயினும், பிள்ளைகளுக்கு அவனே அமைத்துக் கொடுத்த ஆட்டமாயினும் அவன் கால் தாளம் தப்பி நான் கண்டதில்லை. தேர்வு முடிவு வந்தபின், நடனம் கற்பிக்கும் கல்லூரி ஒன்றின் விண்ணப்பத்தை எங்கிருந்தோ வாங்கிக்கொண்டு தாயாருடன் என் அறைக்கு வந்தான். கையொப்பம் வேண்டும் என்றான்.

நான் விண்ணப்பத்தைப் பிரித்தும் பார்க்கவில்லை. தாயாரைப் பார்த்து, 'அம்மா, ஆட்டம் சோறு போடாது. ஆண்பிள்ளை, குடும்பத்தைத் தாங்க வேண்டியவன். தொழிற்பயிற்சி நிலையத்தில் சேருங்கள்' என்றேன். அந்த அம்மாள், 'நீங்க சொன்னா சரிதான் சார்' என்று சொல்லிவிட்டு எழுந்தார். பையன் ஒன்றும் பேசவில்லை. விண்ணப்பத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் குளிர்பதனத் தொழில் கற்றான். துபாய் சென்றான். ஆம், சென்ற சாரலில் என் வீட்டிற்கு வந்தவர் அவரே. தங்கைக்குத் திருமணம் செய்துவைத்தார்; தாயாருக்கு வீடு கட்டிக்கொடுத்தார். 'உங்கள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறேன் சார்' என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. பேச்சிடையே தம் கைப்பேசியில் ஒரு படத்தைப் போட்டுக் காட்டினார். ஊதா உடை அணிந்த இருவர் பனித்தளத்தில் மண்டியிட்டிருந்தார்கள். நான்கரை நிமிடம் நான் கண் இமைக்கவில்லை. படம் முடிந்ததும் அவர், 'இவர் முதலில் போலீஸ்காரராக இருந்தாராம் சார்' என்றார். அவ்வளவுதான். குற்றம் சாட்டும் குரல் அன்று அது. செய்தி சொல்லும் குரல். சிறிது நேரம் கழித்து, 'அங்கே இராத்திரி எல்லோரும் போனபிறகு தளத்தைச் சோதிக்க நான் ஒருவன்தான் இருப்பேன். ஆடுகிறவர்களுக்குத் தரை சரியாக இருக்கவேண்டுமல்லவா?' என்றார். நான் மறுமொழி கூறவில்லை. கூற என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அவர் சென்றபின் நெடுநேரம் சிந்தித்தேன். தொழிற்பயிற்சியைக் காட்டியது பிழையன்று. அத்தொழில் ஒரு குடும்பத்தை நிமிர்த்தியது. அதை இழிவாக எண்ணுபவன் அறிவிலி. பிழை வேறிடத்தில் இருக்கிறது. ஆட்டம் சோறு போடுமா போடாதா என்பது கணக்கிட்டுப் பார்க்க வேண்டிய வினா. நானோ, பனி ஏன் வழுக்குகிறது என்பதற்குச் சொன்னதுபோலவே, இதற்கும் கணக்குப் போடாமல் விடை சொன்னேன். அக்கல்லூரியில் கட்டணம் எவ்வளவு, உதவித்தொகை உண்டா, விடுதி உண்டா, முடித்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம். தொழில் கற்றுக்கொண்டே மாலையில் ஆடல் பயில வழி தேடியிருக்கலாம். ஊரில் வசதியுள்ள நான்கு பேரைக் கண்டு பேசியிருக்கலாம். அவற்றையெல்லாம் செய்தபின்னும் 'இயலாது' என்பதே விடையாக வந்திருக்கக்கூடும். ஆனால் அது தேடிக் கண்ட விடையாக இருந்திருக்கும். தேடாத விடையைத் தலைமையாசிரியரின் நாற்காலியிலிருந்து சொன்னதனாலேயே அந்தத் தாய் அதை நம்பினார்.

மாணவ மாணவியரே! டீன் காவல் வேலையை விட்டதை மட்டும் கேட்டுக்கொண்டு நாளையே புத்தகத்தை மூடிவிடாதீர்கள். அவர் வேலை பார்த்துக்கொண்டே ஐந்து ஆண்டுகள் இரவில் பயின்றார். ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம் பெற்றுத் தம் தகுதியைத் தாமே சோதித்துப் பார்த்தார். அதன்பின்னரே வேலையை விட்டார். அப்போதும் ஒரு நகரம் அவருக்குப் பின்னால் நின்றது. உங்களிடம் ஒரு திறமை இருப்பதாக நீங்கள் நம்பினால், முதலில் அதனை இரவு நேர உழைப்பால் சோதியுங்கள். பெரியவர்கள் 'அது நடக்காது' என்று சொன்னால், பணிவோடு 'ஏன் ஐயா?' என்று கேளுங்கள். காரணம் கூறினால் கணக்குப் போட்டுப் பாருங்கள். காரணம் கூறாவிட்டால் மீண்டும் கேளுங்கள்.

ஆசிரியப் பெருமக்களும் பெற்றோர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வழுக்குத் தளத்தில் கால் வைக்கும் பிள்ளையிடம் 'விழுந்துவிடுவாய்' என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கை கொடுக்கத்தான் ஆள் இல்லை. நாட்டிங்காம் நகரம் கொடுத்தது பணம் மட்டுமன்று. 'நீங்கள் விழுந்தால் நாங்கள் இருக்கிறோம்' என்னும் உறுதியுமாகும்.

அந்த மாணவர் அடுத்த சாரலுக்கு மீண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய மகளுக்கு எட்டு வயது. வீட்டுக் கூடத்தில் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கிறாளாம். இம்முறை நான் அவரிடம் அறிவுரை எதுவும் கூறப்போவதில்லை. திருநெல்வேலியிலும் மதுரையிலும் நடனம் பயிற்றும் இடங்களின் கட்டணம், வகுப்பு நேரம், உதவித்தொகை ஆகியவற்றைக் கேட்டு எழுதி ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறேன். அதை அவர் கையில் கொடுப்பேன். முடிவு அவர்களுடையது.